பழைய கல்லுக்குப் பாஸ்வேர்ட் யாரிடம்?

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது ஒரு செய்தி வரும். கீழடியில் இது கிடைத்தது, அது கிடைத்தது, இத்தனை ஆயிரம் வருடம் பழசு, தமிழன் அன்றைக்கே இப்படி வாழ்ந்தான். கீழே இருபது கைதட்டல், பத்து நெருப்பு எமோஜி. ரொறொன்ரோ மாமா, லண்டன் சித்தி, சிட்னியில் இருக்கிற மச்சான் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒத்துப்போகிற அபூர்வமான நிமிடம் அது. எனக்கும் அந்தப் பெருமை பிடிக்கும்.

ஆனால் அந்தச் செய்திகள் எல்லாம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: எவ்வளவு பழசு? இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த மண்ணுக்கு மேலே இன்றைக்குக் குடியிருக்கிற சனத்துக்கு அதனால் என்ன கிடைத்தது?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்கு என் தொழிலும் ஒரு காரணம். படித்தது எஞ்சினியரிங், மாஸ்டர்ஸ் வரை. வேலை ஐ.டி. கன்சல்டிங். ஒரு நிறுவனத்துக்குப் போவோம், புதிய சிஸ்டம் ஒன்றைக் கட்டிக் கொடுப்போம், பிறகு வெளியே வந்துவிடுவோம். சிஸ்டம் ஓடத் தொடங்கும் நாளில் கேக் வெட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும், அந்த நாள் ஒன்றையும் நிரூபிப்பதில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கவேண்டும். அங்கே இருக்கிறவர்களே அதை ஓட்டுகிறார்களா? பழுது வந்தால் அவர்களே திருத்துகிறார்களா? அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது? எதற்கெடுத்தாலும் வெளியாளைக் கூப்பிடவேண்டிய நிலை என்றால், அந்த சிஸ்டம் அவர்களுடையது இல்லை. வாசலில் அவர்களின் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

தொல்லியல் இடங்களையும் இப்படிப் பார்க்கலாம் என்று எனக்குக் காட்டியது கீழடி இல்லை. நம் வீட்டிலிருந்து காரில் போகக்கூடிய ஓர் இடம்.

எரிமலைக் கல்லும் விலாங்கு மீனும்

மெல்பேர்ணிலிருந்து மேற்கே, வாரணம்பூலையும் தாண்டிக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஓடினால் ஹேவுட் என்ற சிறிய ஊர் வரும். அதற்குப் பக்கத்தில் இருக்கிறது புட்ஜ் பிம். அது ஓர் எரிமலை. குந்திஜ்மாரா மக்களின் மொழியில் அந்தப் பெயருக்கு 'உயர்ந்த தலை' என்று அர்த்தம். சுமார் 37,000 வருடங்களுக்கு முன்பு அது கக்கிய குழம்பு கடல்பக்கமாக வழிந்து ஓடி இறுகியது. ஆறுகளின் பாதை மாறியது. சதுப்பு நிலங்களும் ஏரிகளும் உருவாகின. அதில் ஓர் ஏரிதான் டே ராக். வரைபடங்களில் கொண்டா ஏரி என்றும் இருக்கும்.

அந்தக் கருங்கற்களை வைத்து குந்திஜ்மாரா மக்கள் ஒரு பெரிய நீர் அமைப்பைக் கட்டினார்கள். வாய்க்கால்கள், கல் அணைகள், தடுப்புகள், குட்டைகள். எல்லாம் விலாங்கு மீனுக்காக. அவர்கள் அதைக் 'கூயாங்' என்கிறார்கள். அந்த மீனின் வாழ்க்கையே ஒரு பயணக் கதை. பவளக்கடல் பக்கம் பிறக்கும். குஞ்சாக நீந்தி வந்து ஆற்று வாயில் நுழையும். நன்னீரில் பல வருடம் வளரும். முற்றியதும், இலையுதிர் காலத்து மழை வெள்ளத்தோடு திரும்பவும் கடலுக்குப் புறப்படும். அங்கே முட்டையிட்டுச் சாகும்.

அந்தப் போக்குவரத்தை நன்றாகப் படித்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். நீர்மட்டம் ஏறும்போது வாய்க்கால் வழியாக மீன் குட்டைக்குள் வரும். அங்கே அது வளரலாம். வெளியே போகிற வழியில் கல்லணை, அணையில் ஓர் இடைவெளி, இடைவெளியில் பின்னிய நீளக் கூடை. நம் ஊரில் 'பறி' என்று சொல்வார்களே, அந்த வகை. பெரிய மீன் கூடையில் மாட்டும், சிறியது நழுவிப் போய் இன்னும் வளரும். பம்ப் இல்லை, மோட்டார் இல்லை. சரிவும் மழையும் மட்டும்தான். எஞ்சினியரிங் வகுப்பில் நீர்ப்பாய்ச்சலுக்குப் பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதிய எனக்கு, அந்தக் கல்வரிசைக்கு முன்னால் நின்றபோது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குந்திஜ்மாரா மக்களோடு சேர்ந்து அங்கே தோண்டிக் கரிமக் காலக்கணிப்புச் செய்தார்கள். அதன்படி இந்த அமைப்பின் பழைய பகுதிகளுக்குக் குறைந்தது 6,600 வயது. எகிப்தியப் பிரமிட்டுகளைவிட மூத்தது. 'அபொரிஜினல் மக்கள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தவர்கள், ஒன்றும் கட்டவில்லை' என்று பழைய பாடப்புத்தகங்கள் சொன்ன கதைக்கு இந்தக் கற்களே மறுப்பு. பக்கத்திலேயே அவர்கள் குடியிருந்த கல்வீடுகளின் அடித்தளங்களும் இருக்கின்றன.

அப்பா யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் கரையில் வளர்ந்தவர். கல்லணையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பிள்ளை, இது எங்கட சிறகு வலையின்ர வேலையெல்லோ. வலைக்குப் பதிலாக் கல்லு. மீன் தானா வந்து மாட்டும், மனுசன் பாத்துக்கொண்டு இருந்தாப் போதும்." அம்மா பக்கத்தில் நின்று, "உங்களுக்கு எங்க போனாலும் அரியாலைதான்" என்று சிரித்தார்.

எனக்கு அங்கே மனதில் நின்றது வேறொரு விஷயம். எங்களைக் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டி ஒரு குந்திஜ்மாரா இளைஞர். வயது இருபதுக்கு மேலே இருக்காது. 'அவர்கள் கட்டினார்கள்' என்று ஒருதரமும் அவர் சொல்லவில்லை. முழு நேரமும் 'நாங்கள் கட்டினோம்' என்றுதான் சொன்னார். 6,600 வருடத்துக்கு முந்திய வேலையைப் பற்றி, போன கிழமை முடித்த வேலைபோல.

நாற்பது வருட புரொஜெக்ட்

அந்த 'நாங்கள்' சும்மா வரவில்லை. 1830களில் வெள்ளைக்காரர் ஆடு மாடுகளோடு வந்து இறங்கியபோது தொடங்கிய சண்டையை யூமெரல்லா போர் என்கிறார்கள். அது 1860கள் வரை நீடித்தது. மிஞ்சியவர்களில் பலரை 1867ல் தொடங்கிய கொண்டா ஏரி மிஷனில் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு மிஷனும் மூடப்பட்டது, நிலமும் கைவிட்டுப் போனது. விவசாயத்துக்காக வடிகால் வெட்டி ஏரியையே வற்றவைத்தார்கள். தண்ணீர் இல்லாத வாய்க்கால் வெறும் கல்வரிசைதான்.

திரும்பி வந்த வழியை வருடக் கணக்கில் பாருங்கள்.

1980ல் போர்ட்லன்ட் நகரில் அல்கோவா நிறுவனம் அலுமினிய உருக்காலை கட்டத் தொடங்கியது. அந்த நிலத்தில் தங்கள் முன்னோரின் பொருட்கள் இருக்கின்றன என்று சான்ட்ரா ஓனஸ், கிறிஸ்டினா ஃபிராங்க்லண்ட் என்ற இரண்டு பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 'இதைக் கேட்க நீங்கள் யார்?' என்பதுதான் முதல் தடை. 1981ல் உயர் நீதிமன்றம் சொன்னது: இவர்கள் பொதுமக்களில் யாரோ இருவர் இல்லை, இந்தப் பொருட்களின் காவலர்கள் என்ற வகையில் இவர்களுக்குத் தனி அக்கறை உண்டு, வழக்காட உரிமையும் உண்டு. சட்டம் படிக்கிறவர்கள் இந்த வழக்கை யூனியில் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

1987ல் மத்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, கொண்டா ஏரி மிஷன் நிலத்தை அந்தச் சமூகத்திடம் திருப்பிக் கொடுத்தது. 2004ல் இந்தப் பகுதி தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2007ல் ஃபெடரல் நீதிமன்றம் குந்திஜ்மாரா மக்களின் பூர்வீக நில உரிமையை ஏற்றுக்கொண்டது. 2010ல் ஒரு சிறிய அணை கட்டி ஏரிக்குத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019 ஜூலை 6ஆம் தேதி, பாக்கு நகரில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் புட்ஜ் பிம் உலக மரபுச் சின்னமானது. அபொரிஜினல் பண்பாட்டு மதிப்புக்காக மட்டுமே அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் அவுஸ்திரேலிய இடம் இது. 2022ல் டே ராக் ஏரிக்கரையில் மீன்வளர்ப்பு மையமும் சிற்றுண்டிச்சாலையும் திறந்தார்கள்.

முதல் வழக்கிலிருந்து அந்தக் கதவு திறக்கும்வரை நாற்பது வருடத்துக்கு மேல். எந்த மேனேஜரும் கையெழுத்துப் போடாத கால அட்டவணை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பேசும் உரிமை, பிறகு நிலம், பிறகு தண்ணீர். உலகப் புகழ் அதற்குப் பிறகுதான். ரூரிஸ்ட் பஸ் கடைசியில் வந்தது. இந்த வரிசை தலைகீழாகப் போன இடங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. முதலில் புகழ் வரும், பிறகு ஹோட்டல் வரும், பிறகு அந்த இடத்து மக்கள் ஹோட்டல் வாசலில் நின்று மணிமாலை விற்பார்கள்.

காசு எப்படி ஊருக்குள் வருகிறது

யுனெஸ்கோ யாருக்கும் மாதச் சம்பளம் அனுப்புவதில்லை. பட்டியலில் பெயர் வந்தால் உலகம் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். அந்தப் பார்வையை வேலையாக மாற்றுவது அங்கே இருக்கிறவர்களின் கையில். புட்ஜ் பிம்மில் அது எப்படி நடக்கிறது என்று நான் பார்த்த அளவில் சொல்கிறேன்.

முதலாவது, பராமரிப்பு வேலை. புட்ஜ் பிம் ரேஞ்சர்கள் என்று ஒரு குழு இருக்கிறது. களை எடுப்பது, வேலி பார்ப்பது, தண்ணீரைக் கவனிப்பது, முறைப்படி சிறு தீ மூட்டிப் புல்லை எரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ரூரிஸ்ட் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வேலை இருக்கும். 2019 கடைசியில் வந்த பெரிய காட்டுத்தீ அங்கேயும் எரிந்தது. புல் எரிந்து போனபிறகு, அதுவரை யார் கண்ணிலும் படாமல் கிடந்த சுமார் 25 மீற்றர் நீள வாய்க்கால் ஒன்று வெளியே தெரிந்தது. தினமும் அந்த நிலத்தில் நடக்கிறவர்களுக்குத்தான் புதிதாக ஒன்று தெரிந்தால் அது புதிது என்று தெரியும்.

இரண்டாவது, கதை சொல்லும் வேலை. சுற்றுலாவை நடத்துவது குந்திஜ்மாரா மக்களே. எந்த இடத்தைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது, எந்தக் கதையை வெளியாளுக்குச் சொல்லலாம் என்பதெல்லாம் அவர்கள் முடிவு. சில இடங்களுக்கு அவர்களோடு சேர்ந்துதான் போகமுடியும். இது நமக்குக் கொஞ்சம் வசதிக்குறைவு, அவர்களுக்கு அதுதான் வருமானம். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஒரு தகவல் பலகையை நட்டால் வருகிறவன் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவன் பெற்றோல் அடித்த காசு மட்டும்தான் அந்தப் பக்கத்தில் மிஞ்சும்.

மூன்றாவது, பழைய தொழிலே திரும்புவது. சிற்றுண்டிச்சாலையில் விலாங்கு மீன் கிடைக்கும். புகைபோட்ட விலாங்கு. முன்னோர் பொந்துள்ள மரங்களுக்குள் வைத்துப் புகைபோட்டு, தூர இடங்களுக்குப் பண்டமாற்றுச் செய்த அதே சரக்கு. அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதுக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள் இருந்தால் நல்லது என்றார்.

நான்காவதை எண்ணிக்கையில் காட்டமுடியாது. ஒரு சின்ன ஊரில் படித்து முடிக்கிற பிள்ளைக்கு, பெரிய நகரத்துக்குப் போகாமலே பெருமையோடு செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் வழிகாட்டியைப்போல.

இதை வைத்து ஹேவுட் பணக்கார ஊராகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது இன்னும் சின்ன ஊர்தான். மெல்பேர்ணிலிருந்து தூரம், பனிக்காலத்தில் குளிர், பொதுப் போக்குவரத்தில் போவது சிரமம். அரசாங்கப் பணமும் தேவைப்படுகிறது. ஆனால் வருகிற ஒவ்வொரு டொலரும் யார் கையில் போய் நிற்கிறது என்பது தெளிவு. புட்ஜ் பிம் தேசியப் பூங்காவைக்கூட அரசின் பூங்காத்துறையும் குந்திஜ்மாரா மக்களும் சேர்ந்துதான் நிர்வகிக்கிறார்கள். அட்மின் பாஸ்வேர்ட் அவர்களிடமும் இருக்கிறது.

கீழடிக்கு வருவோம்

இப்போது அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம் பெருமையைப் பார்க்கலாம்.

கீழடி, மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீற்றரில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணாவின் குழு வைகைக் கரையோரம் 293 இடங்களைப் பதிவுசெய்து, அதிலிருந்து தேர்ந்த இடம் அது. 2014-15ல் அகழாய்வு தொடங்கியது. மூன்று கட்டம் மத்திய அரசு செய்தது. 2017-18 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்கிறது. 2019ல் வந்த அறிக்கை, ஒரு கரி மாதிரியின் காலம் கி.மு. 580 என்று சொன்னது. செங்கல் கட்டடங்கள், உறைகிணறுகள், தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள். ஆதன், குவிரன் என்று சாதாரண மனிதர்களின் பெயர்கள். 2023 மார்ச் 5ஆம் தேதி, செட்டிநாட்டு வீட்டின் சாயலில் கட்டிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 18 கோடி ரூபாய்.

நான் போயிருக்கிறேன். அழகான கட்டடம். உள்ளே நடந்தால் உடம்பு சிலிர்க்கும். போகாதவர்கள் அடுத்த இந்தியப் பயணத்தில் கட்டாயம் போங்கள்.

வெளியே வந்தபின் சாலையோரம் இளநீர் குடித்தேன். வெட்டிக் கொடுத்த அக்கா கேட்டார், "எந்த ஊரு தம்பி?" அவுஸ்திரேலியா என்றேன். "அம்புட்டுத் தூரத்துல இருந்து எங்க ஊரப் பாக்க வந்தீகளா!" என்று சந்தோஷப்பட்டார். பேச்சுவாக்கில் சொன்னார், அவரும் இரண்டு சீசன் குழியில் வேலை பார்த்தவர். மண் வெட்டினால் நிறம் மாறும் இடத்தில் எப்படி நிறுத்தவேண்டும், ஓடு தட்டுப்பட்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு எப்படி பிரஷ்சைக் கையில் எடுக்கவேண்டும் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் செய்து காட்டினார். "மொத நாளு வெறும் ஓடுன்னு தான் நெனச்சேன். ரெண்டாவது வாரமே, இது கருப்பு சிவப்பு, இது முழுச் சிவப்புன்னு நானே பிரிச்சு வச்சிருவேன்" என்றார்.

அவரிடம் இருப்பது ஓர் அரிய அறிவு. அகழாய்வு வேலை சீசன் வேலை. குழி மூடினால் கூலியும் நின்றுவிடும். ஆனால் அந்தக் கண் மூடுவதில்லை. வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, 'இந்த இடத்தில் நான் தோண்டினேன், இப்படித்தான் அது வெளியே வந்தது' என்று அவர் சொன்னால், எந்த ஒலிபெருக்கிக் கருவியும் அதற்கு ஈடாகாது. அந்தச் சொல்லுக்கு ஒரு சம்பளமும் இருந்தால், அதுதான் ஊர் முன்னேற்றம்.

அடுத்தது நிலம். கீழடியில் அகழாய்வு நடந்த இடத்தில் பெரும்பகுதி தனியார் தென்னந்தோப்புகள். உரிமையாளர்கள் தோண்ட இடம் கொடுத்ததால்தான் இன்றைக்கு நாம் நெருப்பு எமோஜி போடுகிறோம். ஒரு விவசாயிக்குத் தோப்பு என்பது அடுத்த தலைமுறைக்கான சேமிப்பு. அந்த நிலம் நாளைக்குப் பொதுச் சொத்தாகும்போது, அவர்கள் பங்கு விலை வாங்கியதோடு முடிந்துவிடுமா, அல்லது அந்த இடத்தின் எதிர்காலத்திலும் அவர்களுக்குக் குரல் இருக்குமா? புட்ஜ் பிம்மைப் பார்த்தபிறகு எனக்கு இது முக்கியமான கேள்வியாகத் தெரிகிறது.

இன்னும் ஒன்று. வைகையோடு கொஞ்சம் கீழே போனால் மானாமதுரை. அங்கே இன்றைக்கும் குயவர்கள் மண்பாண்டம் செய்கிறார்கள். கர்நாடக இசைக் கச்சேரியில் கேட்கிற கடத்துக்கு அந்த ஊர் பேர்போனது. 2023ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஆறு, அதே தொழில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது பழைய ஓடு, சக்கரத்தில் சுற்றுவது புதிய பானை. இரண்டையும் ஒரே நாள் பயணமாக இணைத்தால், அருங்காட்சியகத்தில் தொடங்கிய காசு குயவர் வீடுவரை போகும். டே ராக்கில் விலாங்கு திரும்ப வந்ததுபோல இது வைகைக் கரையின் விலாங்கு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. தோண்டியதும், அறிக்கை போட்டதும், அருங்காட்சியகம் கட்டியதும் பெரிய காரியம். ஐ.டி. பாஷையில் சொன்னால் சிஸ்டம் அழகாக ஓடத் தொடங்கிவிட்டது. ஊர்க்காரர் கையில் ஒப்படைக்கும் கட்டம் இனித்தான்.

அதே சொல், வேறு பயம்

'தொல்பொருள்' என்ற சொல்லைக் கேட்டால் கீழடியில் சந்தோஷம் வருகிறது. இலங்கையின் வடக்கு கிழக்கில் அதே சொல்லுக்கு வேறு விளைவு. என் அம்மா திருகோணமலைக்காரி. 'அந்த இடத்தில் தொல்பொருள் இருக்காம்' என்று யாராவது சொன்னால் அவர் முகம் மாறிவிடும். 'அப்ப காணி போகப்போகுதோ' என்பதுதான் அவர் வாயில் வரும் முதல் கேள்வி.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூனில், கிழக்கு மாகாணத்தின் தொல்லியல் மரபை நிர்வகிக்க அன்றைய ஜனாதிபதி ஒரு செயலணியை அமைத்தார். தலைவர், பாதுகாப்புச் செயலாளர். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும்தான் பெரும்பான்மை. ஆனால் அமைத்தபோது அந்தச் செயலணியில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில், பழைய கட்டட எச்சங்களைச் சுற்றிய நிலமும் வழிபாடும் வருடக்கணக்கில் வழக்காக ஓடுகின்றன.

அங்கே புதைந்திருப்பது யாருடைய வரலாறு என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. அந்த மண்ணில் பௌத்தமும் சைவமும் தமிழும் சிங்களமும் கலந்த பழைய அடுக்குகள் இருக்கும், அதை ஆய்வாளர்கள் நேர்மையாகப் படிக்கட்டும். நான் கேட்பது எளிய கேள்வி. மேலே விவசாயம் செய்து சாப்பிடுகிறவனுக்கு மேசையில் ஒரு நாற்காலி இருக்கிறதா? அது இல்லாவிட்டால் எவ்வளவு அருமையான பழம்பொருளும் அவனுக்கு வேலிக்கம்பிதான். புட்ஜ் பிம்மில் கல் மக்களிடம் நிலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. வேறு இடங்களில் அதே கல்லைக் காட்டி நிலத்தை எடுக்கவும் முடிகிறது. கல் பாவம், அது சும்மா கிடக்கிறது.

நாம் செய்யக்கூடியது

இதைப் படிக்கிற உங்களில் பலர் இங்கே பிறந்தவர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை, வி.சி.ஈ. தமிழ் அல்லது எச்.எஸ்.சி. தமிழ் என்று வளர்ந்தவர்கள். 'எங்களால் என்ன செய்யமுடியும்?' என்று கேட்பீர்கள். பழைய இடம் ஒன்றுக்குப் போகும்போது மூன்று கேள்விகளைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

ஒன்று, இந்த நிலம் யாருடையது, முடிவெடுப்பது யார்? இரண்டு, எனக்குக் கதை சொல்கிறவர் இந்த இடத்துக்காரரா? மூன்று, நான் கொடுத்த டிக்கெட் காசு எங்கே போகிறது?

பதில் திருப்தியாக இருந்தால் அந்த வழிகாட்டியோடு போங்கள், அந்தக் கடையில் சாப்பிடுங்கள், அந்த ஊரில் ஓர் இரவு தங்குங்கள். திருப்தி இல்லையென்றால் மரியாதையோடு கேளுங்கள். மதுரைக்குப் போனால் கீழடி பார்த்த கையோடு மானாமதுரையில் ஒரு பானை வாங்குங்கள். பேரம் பேசவேண்டாம், நாம் டொலரில் சம்பளம் எடுக்கிறவர்கள். நம் சங்கங்கள் வருடம் ஒருமுறை கலைவிழாவுக்கு மண்டபம் எடுப்பதில் காட்டுகிற திறமையைக் கொஞ்சம் திருப்பி, ஒரு பஸ் பிடித்து டே ராக்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

சிட்னிப் பிள்ளைகள் 'எங்களுக்கு இது தூரம்' என்று சொல்லமுடியாது. வென்ட்வேர்த்வில், டுங்காபி பக்கம் இருக்கிற உங்கள் வீடுகளுக்குப் பக்கத்திலேயே பரமட்டா பூங்கா. அங்கே இருக்கிற பழைய அரசாங்க மாளிகை, 2010ல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த 11 அவுஸ்திரேலியக் கைதி இடங்களில் ஒன்று. அதற்கும் முன்னால், அது புரமட்டகல் மக்களின் நிலம். பரமட்டா என்ற பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்தது. விலாங்கு மீன் இருக்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். உங்களில் எத்தனை பேர் நீலமும் மஞ்சளும் கலந்த ஈல்ஸ் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு மட்ச் பார்க்கப் போகிறீர்கள்!

அடுத்தமுறை அந்த ஜேர்சியைப் போடும்போது கேளுங்கள், இந்த மீனுக்குப் பெயர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு இந்த ஊரில் எங்கே இருக்கிறார்கள், பூங்காவில் கதை சொல்வது யார் என்று. மதுரையிலும் திருகோணமலையிலும் நம் ஆட்களுக்காக நாம் கேட்கிற அதே கேள்வி இது. இங்கே குடியேறி நிம்மதியாக வாழ்கிற நாம், இந்த மண்ணின் ஆட்களுக்காகவும் அதைக் கேட்கவேண்டும். அப்போதுதான் நம் சொந்த மண்ணுக்காகக் கேட்கும்போது குரல் நடுங்காது.